மாமியார் போட்ட மார்க்

நான் ஐ.எஸ்.எஃப்.ஜே.யாம். மகள் அறிவித்துவிட்டாள். அவள் ஐ.என்.எஃப்.பி. அவளுக்குப் பிடித்த கொரியப் பாட்டுக் குழுவில் யார் யார் என்ன வகை என்பதெல்லாம் மனப்பாடம். தென்கொரியாவில் இளவட்டங்கள் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயர், வயசுக்கு அடுத்து இந்த நாலு எழுத்தைத்தான் கேட்கிறார்களாம். அந்தக் காய்ச்சல் செல்போன் வழியாகக் கோயம்புத்தூர் கணபதி வரைக்கும் வந்து எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறது.

இந்த நாலு எழுத்துத் தேர்வுக்குப் பெயர் எம்.பி.டி.ஐ. கேள்விப்படாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஆளின் குணத்தை நாலு கேள்வியாகப் பிரிக்கிறார்கள். தெம்பு உள்ளிருந்து வருகிறதா, வெளியாட்களிடமிருந்தா? கண்ணுக்கு எதிரே இருப்பதை நம்புகிறவரா, உள்ளுணர்வை நம்புகிறவரா? தலையால் முடிவெடுப்பவரா, மனசால் முடிவெடுப்பவரா? திட்டம் போட்டு நடப்பவரா, வருவது வரட்டும் என்பவரா? ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒரு எழுத்து. நாலையும் பெருக்கினால் 16 வகை மனிதர்கள். உலகத்தில் இருக்கிற அத்தனை பேரும் இந்தப் பதினாறு பெட்டிக்குள் அடங்கிவிட வேண்டும்.

மகள் கொடுத்தது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு தேர்வு. ஒரிஜினலைக் காசு கொடுத்துத்தான் எழுத முடியும். முடிவில் எனக்குக் கிடைத்த பட்டம் 'பாதுகாவலர்'. பொறுப்பானவர், அடுத்தவருக்காக ஓடுபவர், செய்ததைச் சொல்லிக்காட்டாதவர், ஆனால் யாரும் கண்டுகொள்ளாவிட்டால் உள்ளுக்குள் வருந்துபவர் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் மிகை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன் என்பது உண்மை.

அதை என் ஓரகத்திக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவளுடைய வகை எது என்று எனக்குத் தெரியாது. அவள் தேர்வே எழுதவில்லை. "அக்கா, அப்படியே என்னப் பத்தித்தான் எழுதியிருக்குது" என்றாள். வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டில் நாலு பேருக்குச் சோறும் பொங்கிப்போடும் எந்தப் பொம்பளையிடம் வாசித்தாலும் இதே பதில்தான் வரும் என்று அப்போதுதான் உறைத்தது.

இதைச் சோதித்தே காட்டியவர் ஒருவர் இருக்கிறார். பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர், 1948-ல் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு முடிவுத்தாளைக் கொடுத்து, "உங்களோடு எவ்வளவு பொருந்துகிறது? ஐந்துக்கு மார்க் போடுங்கள்" என்றார். சராசரியாக 4.26 போட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

ஜோசியம் என்றதும் என் கதை ஒன்று உண்டு. கல்யாணப் பொருத்தத்தில் கணப்பொருத்தம் பார்ப்பார்களே, அதுவும் ஆளை வகை பிரிக்கும் வேலைதான். 27 நட்சத்திரங்களையும் ஒன்பது ஒன்பதாகப் பிரித்து தேவ கணம், மனுஷ கணம், ராட்சச கணம். நான் சித்திரை நட்சத்திரம். ராட்சச கணம். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் உண்டு. என் மாமியார்தான், "பொண்ணப் பார்த்தாத் தெரியாதா, இதுக்கெதுக்குங்க காயிதம்?" என்று அதைத் தள்ளிவிட்டு என்னை மருமகளாக அழைத்து வந்தவர். பிறந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் ராட்சசி, செல்போனில் பட்டன் தட்டினால் பாதுகாவலர். இரண்டுக்கும் நடுவில் ஒருத்தி இருபது வருசத்துக்கு மேல் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். எம்.பி.டி.ஐ. பிறந்ததும் ஒரு மாமியாரால்தான். கேத்தரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் ஒரே மகள் இசபெல், கல்லூரியில் படிக்கும்போது கிளாரன்ஸ் மயர்ஸ் என்ற பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். கற்பனையும் கனவுமாக இருந்த குடும்பத்துக்குள், கணக்குப் பார்த்துப் பேசும் மாப்பிள்ளை. நல்ல பையன், ஆனால் ஏன் இவன் நம்மைப்போல யோசிப்பதில்லை என்று மாமியாருக்குக் குடைச்சல். மனிதர்களை வகை வகையாகப் பிரித்துக் குறிப்பெழுத ஆரம்பித்தார். சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங் 1921-ல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூல் 1923-ல் ஆங்கிலத்தில் வந்ததும், தான் தேடியது அதில் இருக்கிறது என்று அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏராளமான பெண்கள் முதன்முறையாகத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனபோது, யாருக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க உதவுமே என்று மகள் இசபெல் அதைக் கேள்வித்தாளாக மாற்றினார். இருவருமே உளவியல் படித்தவர்கள் இல்லை. இசபெல் அதற்கு முன்னால் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர்.

அந்த மாமியார் செய்தது, மாப்பிள்ளையை உட்கார்ந்து கவனித்தது. மகள் செய்த கேள்வித்தாளோ, அவரவரையே கூப்பிட்டு "நீ எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்கிறது. கவனிப்பவர் போய், கவனிக்கப்படுகிறவரே சாட்சியாகிவிட்டார். எனக்கு இந்த இடம்தான் இடித்தது.

இன்னொரு இடமும் இடிக்கிறது. தேர்வில் உள்முகம் 51 சதவீதம் வந்தாலும் ஒரே எழுத்து, 95 சதவீதம் வந்தாலும் அதே எழுத்து. பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தவன் பாஸ், 34 எடுத்தவன் ஃபெயில் என்று போடுவதுபோலத்தான். அந்த இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு மார்க். 35 எடுத்தவனுக்கும் 100 எடுத்தவனுக்கும் நடுவில் 65. மனிதர்களில் பெரும்பாலோர் இந்த நடுக்கோட்டின் பக்கத்தில்தான் கும்பலாக நிற்கிறோம். அதனால்தான் கொஞ்ச வாரம் கழித்து மறுபடி எழுதினால், எழுத்து மாறிவிடுபவர்கள் ஏராளம். காலையில் எழுதியதற்கும், ஆண்டுக்கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்து ராத்திரியில் எழுதியதற்கும் எனக்கே ஒரு எழுத்து மாறுகிறது.

சரி, இதைவிட ஒழுங்கான தேர்வு இல்லையா என்று தேடினேன். உளவியல்காரர்கள் இப்போது பெரும்பாலும் நம்புவது 'பிக் ஃபைவ்'. பெட்டி கிடையாது, ஐந்து அளவுகோல்: புதியதை ஏற்கும் மனசு, ஒழுங்கும் பொறுப்பும், ஆட்களோடு கலகலப்பு, இணக்கம், மனச்சஞ்சலம். இதன் வேர் ஒரு அகராதியில் இருக்கிறது. 1936-ல் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இருவர் பெரிய ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டி, ஒரு மனிதரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் சொற்களைப் பொறுக்கினார்கள். 17,953 சொற்கள் தேறின. அதற்குப் பின் வந்தவர்கள் பல பத்தாண்டுகள் கணக்குப் போட்டு, எந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்துப் பார்த்து ஐந்து கொத்துக்குச் சுருக்கினார்கள்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜான் ஜான்சன் இதை 120 வரித் தேர்வாக்கி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் 'கொஞ்சமும் பொருந்தாது' முதல் 'முழுக்கப் பொருந்தும்' வரை ஐந்து பதில். முடிவில் உங்கள் வயதொத்தவர்களோடு ஒப்பிட்டு, நீங்கள் மேலே இருக்கிறீர்களா, நடுவிலா, கீழேயா என்று சொல்கிறது. ஒவ்வொரு குணத்துக்கும் ஆறு கிளை, மொத்தம் 30. பாராட்டு மழை கிடையாது. கலகலப்பு உனக்குக் கம்மி என்றால் கம்மி என்றுதான் போடுகிறது. எனக்குக் கம்மி என்றுதான் போட்டது.

எழுதும்போது சில வரிகளில் பேனா நின்றது. 'என் அறையைக் குப்பையாகப் போட்டு வைப்பேன்' என்று ஒரு வரி. என் அறையா? ஹாலில் மகள் படிக்கிறாள், உள் அறையில் மாமியார் படுக்கிறார், மீதியில் இருக்கிறது எங்கள் கட்டிலும் என் வீட்டுக்காரருடைய பட்டறைக் கணக்கு நோட்டுகளும். பெரிய பார்ட்டிகள் பிடிக்குமா என்கிறது இன்னொரு வரி. நாங்கள் பார்க்கிற பெரிய கூட்டம் கல்யாண மண்டபத்தில்தான். அங்கே போவதும் பேசுவதும் பிடித்தா நடக்கிறது? முறை, போகிறோம். மொய் வைக்கிறோம், நாலு பேரிடம் பேசாவிட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று பேசுகிறோம். லிபரல் வேட்பாளருக்கு ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்கும் வரியைப் படித்துவிட்டு இவர், "அது எந்தச் சின்னம்?" என்றார்.

இது என் குறை மட்டும் இல்லை. மைக்கேல் குர்வென் என்ற மானிடவியலாளரும் கூட்டாளிகளும் பொலிவியாவின் அமேசான் காட்டோரத்தில் வேட்டையும் வெள்ளாமையுமாக வாழும் சிமானே மக்களிடம் இந்த ஐந்தைத் தேடிப் பார்த்து 2013-ல் எழுதினார்கள். அங்கே ஐந்து கொத்து தெளிவாக அமையவில்லை. படித்து, நகரத்தில் குடியிருந்து, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கூட்டத்துக்கு மத்தியில் வளர்ந்த அளவுகோல், காட்டோரத்தில் அப்படியே செல்லவில்லை.

இந்தத் தேர்வுகளில், நம்மைத் தெரிந்தவர் நமக்காக நிரப்பும் முறையும் உண்டு. அதைத்தான் அடுத்துச் செய்து பார்த்தேன். முதலில் இவரிடம் கொடுத்தேன். பட்டறையில் லேத் ஓட்டுகிற கை, சரசரவென்று தட்டிவிட்டது. எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசிக்கு நடுப் பதில். ஏனுங்க இப்படி என்றால், "நடுவுல போட்டா வம்பில்ல பாரு" என்கிறார். இதிலிருந்து என் குணம் தெரியவில்லை, அவர் குணம் நன்றாகத் தெரிந்தது.

அடுத்து மாமியார். மதியச் சாப்பாடு முடிந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, ஐந்துக்கு மார்க் போட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் கேள்வியிலேயே ஏற்பாடு உடைந்தது.

"அத்தை, எனக்குச் சீக்கிரம் கோபம் வருமா?"

"ஆரு மேல?"

"பொதுவாத்தான்."

"பொதுவான்னா எப்படிக் கண்ணு? புள்ள மேல வந்தா அந்த நிமிசமே கத்திருவ. அவன் மேல வந்தா மூணு நாளைக்கு வாயத் தொறக்க மாட்ட. எம்மேல வந்தா பாத்திரத்த டங்குன்னு வெப்ப. இதுல எதுக்கு நான் மார்க் போடறது?"

சாமானை எடுத்த இடத்தில் வைப்பேனா என்றேன். "அஞ்சறைப்பெட்டியக் கண்ண மூடிட்டுத் தொட்டாலும் கடுகு இருக்கற எடத்துல கடுகு இருக்கும். பீரோவத் தொறந்தா துணியெல்லாம் மேல வந்து விழுகுது." யோசிக்காமல் காரியத்தில் இறங்குவேனா? "நகை எடுக்கப் போனா ஒரு கம்மலுக்கு நாலு கடை ஏறுவ. ஆராச்சும் வந்து ஆசுபத்திரிச் செலவுன்னு நின்னா, எவ்வளவுன்னுகூடக் கேக்காம எடுத்துக் குடுப்ப." கவலைப்படுவேனா என்றதற்கு மட்டும் சட்டென்று பதில் வந்தது. "நீயா? உனக்கென்ன கவலை? எல்லாத்தையும் சிரிச்சுட்டே செய்யற."

அந்த வரிக்கு நான் எனக்கே போட்டுக்கொண்டது ஐந்துக்கு ஐந்து. படுத்தால் தூக்கம் வராமல் கடன் தவணை, மகள் ஃபீஸ், அப்பாவின் சுகர் என்று ஓடிக்கொண்டிருப்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்கே தெரியாது. உள் அறையில் படுப்பவருக்கு எப்படித் தெரியும்? சிமினே வசீர் என்ற உளவியலாளர் 2010-ல் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார். பதற்றம், கவலை மாதிரி உள்ளே நடப்பது நமக்குத்தான் நன்றாகத் தெரியும். கெட்டிக்காரத்தனம், கற்பனை வளம் மாதிரி பெருமை ஒட்டிக்கொண்டிருக்கும் குணங்களில் கூட இருப்பவர்களின் கணிப்பு நம்முடையதை முந்திவிடும். காரணம் லேசானது. அதில் நமக்கு நாமே வக்கீல்.

மாமியார் கேட்ட "ஆரு மேல?" என்ற கேள்வியை உளவியல் உலகத்தில் உரக்கக் கேட்டவர் வால்டர் மிஷல். 1968-ல் அவர் எழுதிய புத்தகம் குணத் தேர்வுக்காரர்கள் மத்தியில் பெரிய பூசலைக் கிளப்பியது. ஒருவரின் குண மார்க்கை வைத்து, குறிப்பிட்ட ஒரு சமயத்தில் அவர் என்ன செய்வார் என்று சொல்ல முயன்றால், அது ரொம்பச் சொற்பமாகத்தான் பலிக்கிறது என்று பழைய ஆய்வுகளை அடுக்கிக் காட்டினார். 1928-லேயே ஹார்ட்ஸ்ஹோர்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளைப் பரீட்சையிலும் விளையாட்டிலும் வீட்டிலும் சோதித்து, ஒரு இடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னொரு இடத்திலும் ஏமாற்றும் என்று சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அதற்காகக் குணம் என்று ஒன்றே கிடையாது என்று முடிவுகட்டவும் முடியாது. ஒரு நாளை வைத்துச் சொல்லாமல் பல நாள், பல சமயத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் நிலையாக நிற்கிறது. பிக் ஃபைவ் மார்க் அந்தச் சராசரிதான். வயதாக ஆக அதுவும் மெல்ல நகர்கிறது. பொதுவாகப் பொறுப்பும் இணக்கமும் கூடுகிறது, சஞ்சலம் குறைகிறது. மிஷல் பின்னாளில் சொன்னது, சராசரியோடு நிறுத்தாதீர்கள், 'இப்படி நடந்தால் இவர் இப்படிச் செய்வார்' என்ற கோலமும் ஆளுக்கு ஆள் நிலையானது, அதையும் பாருங்கள் என்பது. மகள் என்றால் கத்தல், புருசன் என்றால் மௌனம், மாமியார் என்றால் பாத்திரம். அதுதான் என் கோலம். 'கோபம்: நடுத்தரம்' என்று வந்த முடிவில் இது மூன்றும் கரைந்துபோகிறது.

வள்ளுவரும் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கென்று 51-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார், தெரிந்து தெளிதல். அறத்தால் ஒரு சோதனை, பொருளால் ஒன்று, இன்பத்தால் ஒன்று, உயிர்ப் பயத்தால் ஒன்று என்று நாலு சமயத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். ஒருவர் பெரியவரா சிறியவரா என்பதற்கு அவரவர் செய்யும் காரியமே உரைகல் என்கிறார். நீ எப்படிப்பட்டவன் என்று அவனையே கேள் என்று எங்கும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இன்றைக்கு அப்படித்தான் கேட்கிறார்கள். என் தோழி ஒருத்திக்குப் பதவி உயர்வு நேரத்தில், பெயர் வேண்டாம், அவள் வேலை பார்க்கும் கம்பெனி குணத் தேர்வு வைத்தது. 'நெருக்கடியில் நிதானமாக இருப்பேன்' என்ற வரிக்கு, உயர்வு வேண்டும் என்கிறவள் எதைத் தட்டுவாள்? எம்.பி.டி.ஐ.யை வெளியிடும் நிறுவனமே, ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறது. மனநல மருத்துவத்துக்காக 1943-ல் மினசோட்டாவில் வெளியான எம்.எம்.பி.ஐ. தேர்வில், நல்ல பிள்ளை வேஷம் போடுபவரைப் பிடிப்பதற்கென்றே தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 'நான் பொய்யே சொன்னதில்லை' என்கிற மாதிரி வரிகளுக்கெல்லாம் தலையாட்டினால் மாட்டிக்கொள்வோம். இணையத்தில் கிடைக்கும் இலவசத் தேர்வுகளில் பெரும்பாலும் இந்தப் பொறி கிடையாது.

எனக்கு உண்மையில் கவலை மகளைப் பற்றித்தான். கல்லூரிக்குக் கேம்பஸ் இன்டர்வியூ வருகிறது. குரூப் டிஸ்கஷன் இருக்கிற கம்பெனிக்கு அவள் பெயரே கொடுக்கவில்லை. கேட்டால், "அம்மா, நான் இன்ட்ரோவெர்ட். எனக்கு செட் ஆகாது" என்கிறாள். விளையாட்டாகத் தொடங்கிய நாலு எழுத்து, கதவைச் சாத்தும் தாழ்ப்பாளாக மாறுவதை நேரில் பார்க்கிறேன். மாமியார் கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே, "மாரியாத்தா நோம்பிக்கு வந்த புள்ளைககூட விடிய விடியப் பேசிட்டு, அடுத்த நாள் தொண்டையே கட்டிக்கிச்சே, அது ஆரு?" என்றார்.

"அது வேற, அப்பத்தா."

"அதத்தான் நானும் சொல்றேன். என்ன வேறன்னு யோசி."

மகள் யோசித்தாள். தெரிந்தவர்கள் என்றால் பேச்சு வருகிறது. தெரியாதவர்கள் மார்க் போடுகிறார்கள் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கல்லூரியிலேயே ஒருமுறை, தலைப்பை முந்தின நாளே கொடுத்தபோது நன்றாகப் பேசியிருக்கிறாள். ஆக அவளுக்கு வேண்டியது தயாரிக்க நேரமும், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசும் பழக்கமும். இரண்டுக்கும் வழி உண்டு. 'நான் இன்ட்ரோவெர்ட்' என்பதற்கு ஒரு வழியும் கிடையாது, ஒத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வகுப்பில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பேசிப் பழகப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். செய்வாளா தெரியாது.

குணத் தேர்வே எழுதாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் இவ்வளவு பேச்சு நடந்ததே அதனால்தான். நீங்களும் எழுதினால் ஒன்று செய்யுங்கள். முடிவுப் பக்கத்துக்குப் போவதற்கு முன் அதே கேள்விகளை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். கட்டிக்கொண்டு வந்தவரைவிட, உங்களைச் சும்மா பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருவர் கிடைத்தால் நல்லது. எந்தெந்த வரியில் இருவரும் பிரிகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். உள்ளே நடக்கும் விஷயம் என்றால், அவருக்குத் தெரியாததை இன்றைக்காவது சொல்லிவிடுங்கள். வெளியே தெரியும் விஷயம் என்றால் அவர் சொல்வதற்குக் காது கொடுங்கள். மிச்சமிருக்கும் ஒவ்வொரு குணத்துக்கும் பக்கத்தில் 'யாரிடம், எப்போது' என்று எழுதி நிரப்புங்கள். அந்தத் தாள் எந்த முடிவுப் பக்கத்தையும்விட உங்களுக்கு உதவும். நடுவில் சண்டை வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.